தீபாவளிச் சீரோடு வந்த பல்லி

கே.கே. நகர், மதுரை
வெள்ளிக்கிழமை, பகல் பதினோரு மணி

அன்பும் மரியாதையும் நிறைந்த சம்பந்தி சின்னக்கருப்பன் அவர்களுக்கு,

பால்பாண்டி வணக்கத்தோடு எழுதிக்கொள்வது. இங்கே நானும் பாண்டிமீனாவும் மகன் சூரியபிரகாஷும் உங்கள் மகள் பவதாரிணியும் நலம். அங்கே நீங்களும் சம்பந்தியம்மாவும் நலம்தானே? இந்த மழைக்குக் கொடிக்காலில் தண்ணீர் நிற்காமல் வெற்றிலை தப்பிக்க வேண்டும் என்று தினமும் சாமி கும்பிடும்போது நினைத்துக்கொள்கிறோம். பல்லியும் நலம். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

செவ்வாய்க்கிழமை போனில் நாம் பேசியதைப் பேச்சு என்று சொல்ல முடியாது. நீங்கள் கத்தினீர்கள், நான் அதைவிடப் பெரிதாகக் கத்தினேன். முதலில் போனை வைத்தது யார் என்பதில் எங்கள் வீட்டில் இன்னும் இரண்டு கட்சி இருக்கிறது. கடிதத்தில் கத்த முடியாது என்பதால் எழுதுகிறேன். எதிர்வீட்டு ஜெயக்கொடியின் மருமகன் உங்கள் ஊரில்தான் வேலை பார்க்கிறார். நாளைக் காலை அவர் கையில் இது உங்களிடம் வந்து சேரும். விஷயம் இதுதான்: ஞாயிற்றுக்கிழமை நீங்கள் கார் எடுத்துக்கொண்டு வந்து மகளையும் பல்லியையும் சோழவந்தானுக்குக் கூட்டிப்போக வேண்டிய அவசியம் இல்லை. கல்யாணமாகி மூன்று மாதம்கூட முழுதாக ஆகவில்லை. அதற்குள் மருமகள் பெட்டியோடு காரில் ஏறினால், "பல்லி சாப்பிடவில்லை, அதனால்தான் போகிறாள்" என்று நான் சொல்வதை இந்தத் தெருவில் ஒரு ஆள் நம்புவாரா? நானே நம்ப மாட்டேன். பாண்டிமீனா நாலு நாளாகச் சரியாகத் தூங்கவில்லை. எனக்கும் மனசு கனத்துத்தான் கிடந்தது, மறைப்பானேன். ஆனால் இப்போது எல்லாம் சரியாகிவிட்டது. சரியாக்கியவன் நான்.

நடந்ததை முறையாகச் சொன்னால் உங்களுக்கே புரியும். தலை தீபாவளிக்கு உங்கள் வீட்டுக்கு வந்த பிள்ளைகள் இருவரும் திரும்பி வரும்போது அண்டா, குத்துவிளக்கு, முறுக்கு டின், அதிரசத் தூக்கு என்று நீங்கள் கொடுத்த சீரோடு ஒரு கண்ணாடித் தொட்டியையும் கொண்டு வந்து இறக்கினார்கள். உள்ளே மஞ்சளும் கறுப்புமாகப் பட்டை போட்ட, ஆட்காட்டி விரலைவிடக் கொஞ்சம் நீளமான ஒரு பல்லிக்குட்டி. பெயர் பூந்தியாம். லெப்பர்ட் கெக்கோ என்ற சாதியாம். முறையாகக் காகிதமெல்லாம் வாங்கி வளர்ப்பதாகவும், ஒரு மாதமாக உங்கள் வீட்டில் வைத்திருந்ததாகவும் பவதாரிணி சொன்னாள். பள்ளிக்கூடத்தில் உயிரியல் நடத்துகிற பிள்ளை. ஆசைப்பட்டு வளர்க்கிறாள், வளர்க்கட்டும் என்றுதான் நானும் நினைத்தேன். ஆனால் பாண்டிமீனா வாசலிலேயே எல்லோரையும் நிறுத்திவிட்டாள். சீரோடு வந்த உயிரைச் சும்மா உள்ளே விடக்கூடாதாம். ஆரத்தி கரைத்து மூன்று சுற்று சுற்றி, தொட்டியின் கண்ணாடியில் பொட்டும் வைத்துவிட்டாள். மூன்று பொட்டில் ஒன்று சரியாகப் பல்லியின் முகத்துக்கு நேரே இருந்ததால் அது வெளியே பார்த்ததெல்லாம் சிவப்பாகத்தான் இருந்திருக்கும்.

பவதாரிணி அன்றைக்கே தெளிவாகச் சொன்னாள்: "மாமா, இது சின்னக் குட்டி. எடம் மாறி வந்திருக்கு. ஒரு பத்து நாளைக்கு யாரும் தொட வேணாம், கிட்டப் போகவும் வேணாம். சாயங்காலம் நாலு பூச்சி விட்டுட்டு நாம பாட்டுக்கு நம்ம வேலையப் பாத்தா, அது பாட்டுக்குத் தின்னுக்கிரும்." நான் தலையாட்டினேன். பாண்டிமீனாவும் தலையாட்டினாள். தலையாட்டுவதில் எங்கள் குடும்பத்தை மிஞ்ச ஆளில்லை. ஆனால் பவதாரிணி அந்தப் பக்கம் போனதும் பாண்டிமீனா என்னிடம் கேட்டாள்: "வந்த உசுர மொத நாளே தனியா விட்டுட்டுத் திங்கச் சொல்றதா? இது சம்பந்தி வீட்டுக்குத் தெரிஞ்சா நம்மள என்ன நெனப்பாங்க?" அவள் கேட்டதில் நியாயம் இருந்தது. ஆவணியில் மறுவீட்டு விருந்துக்கு நான் வந்தபோது என்னைச் சுற்றி ஒன்பது பேர் நின்றீர்கள். போதும் என்று இலையைக் கையால் மறைத்தால் கைமேலேயே குழம்பை ஊற்றினீர்கள். அதுதானே மரியாதை! உங்களுக்கு ஒரு நியாயம், உங்கள் வீட்டிலிருந்து வந்த பல்லிக்கு ஒரு நியாயமா?

அதுவும் போக, நான் முப்பத்தொரு வருஷம் கல்லூரி விடுதியில் காப்பாளராக இருந்தவன். வீட்டு நினைப்பில் சோற்றைத் தொடாமல் அழுதுகொண்டிருந்த முதல் வருஷப் பையன்கள் எத்தனை பேரைச் சாப்பிட வைத்திருக்கிறேன் தெரியுமா? எதிரே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, கண்ணை எடுக்காமல் பார்ப்பேன். மூன்றாம் நாள் அவனே தட்டோடு இரண்டாவது முறை வரிசையில் நிற்பான். அதே முறையைத்தான் இங்கும் கையாண்டேன். நேரம் தவறக் கூடாது என்று சாயங்காலம் ஆறரைக்குப் பூஜை மணியை எடுத்து அடித்தேன். சாப்பாட்டு நேரத்தில் யார் யார் எதிரே உட்கார வேண்டும் என்று ஓர் அட்டவணை எழுதிச் சுவரில் ஒட்டினேன். திங்கள், புதன் நான். செவ்வாய், வியாழன் பாண்டிமீனா. மற்ற நாள் விருந்தினர்கள். விருந்தினர்களுக்குப் பஞ்சமே இல்லை. ஜெயக்கொடி பஞ்சாங்கக் காலண்டரைக் கையோடு கொண்டு வந்து உட்கார்ந்து, "அண்ணே, இது எந்தத் தெசையப் பாத்துக் கத்துச்சு?" என்று கேட்டார். "கத்தவே இல்லம்மா" என்றேன். "கத்தாத பல்லிக்குப் பலன் போடலையேண்ணே" என்று காலண்டரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இவ்வளவு மரியாதைக்கும் அந்தப் பல்லி என்ன செய்தது? தேங்காய்ச் சிரட்டைக்கு அடியில் புகுந்துகொண்டு வாலை மட்டும் வெளியே விட்டிருந்தது. மணி அடித்தால் அந்த வாலும் உள்ளே போய்விடும்.

சாப்பாடுதான் பிடிக்கவில்லையோ என்று அந்தப் பக்கம் கவனம் செலுத்தினேன். இதற்குச் சாப்பாடு சுவர்க்கோழிப் பூச்சி. உயிரோடு ஒரு டப்பாவில் வருகிறது. அந்தப் பூச்சிக்கு முதலில் நாம் கேரட் கொடுத்துத் தேற்றி, பிறகு கால்சியம் பொடியில் புரட்டி, பிறகு பல்லிக்கு விட வேண்டுமாம். சாப்பாட்டுக்கே சாப்பாடு போடுகிற மெஸ்ஸை நான் என் சர்வீஸில் பார்த்ததில்லை. சரி, எடுத்த காரியத்தைச் சரியாகச் செய்வோம் என்று கேரட்டைத் துருவி, கொத்தமல்லி தூவி உள்ளே வைத்தேன். வைத்தவன் மூடியை வைக்க மறந்துவிட்டேன். அன்றிலிருந்து ஃபிரிட்ஜுக்கு அடியில் இரண்டு, சாமி அலமாரியில் ஒன்று, சூரியபிரகாஷின் ஷூவுக்குள் ஒன்று என்று வீடு முழுக்கக் கச்சேரி. ஜெயக்கொடி உடனே காலண்டரோடு வந்து, சத்தம் வடக்கே கேட்கிறதா கிழக்கே கேட்கிறதா என்று விசாரித்தார். பூச்சிக்குப் பலன் இல்லை என்று சொல்லி அனுப்பினேன்.

அந்த வாரம் பெய்த மழைக்கு எங்கள் தெருவிளக்கடியில் ஈசல் மொய்த்தது. உடனே எனக்கு மூளை வேலை செய்தது. டப்பாப் பூச்சியைத் தின்று தின்று நாக்குச் செத்திருக்கும், புதுசாக ஏதாவது கொடுப்போம் என்று குடையைத் தலைகீழாகப் பிடித்து ஒரு படி ஈசல் பிடித்துக்கொண்டு வந்தேன். அதைப் பாண்டிமீனாவிடம் கொடுத்ததுதான் தப்பு. அவள் கை சும்மா இருக்குமா? இறகைப் புடைத்து, வாணலியில் வறுத்து, பொரியும் உப்பும் ரெண்டு வரமிளகாயும் சேர்த்துக் கிண்ணத்தில் போட்டுத் தொட்டிக்குள் வைத்துவிட்டாள். பள்ளிக்கூடம் விட்டு வந்த பவதாரிணி அந்தக் கிண்ணத்தை வெளியே எடுத்து வெகுநேரம் பார்த்தாள். "அத்தை, இது உசுரோட ஓடுறதத்தான் திங்கும். இந்த வெளக்கடி ஈசல் மேல என்ன மருந்து பட்டிருக்கோ, அதுவும் தெரியாது" என்றாள். குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். அந்த ஈசலை நானும் ஜெயக்கொடியும் தின்று தீர்த்தோம். எங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை என்பதைப் பவதாரிணியிடம் இரண்டு முறை சொன்னேன்.

ஒன்பதாம் நாள் பாண்டிமீனா முடிவுக்கு வந்துவிட்டாள்: இத்தனை பேர் வந்து பார்த்ததில் பல்லிக்குக் கண் பட்டுவிட்டது. மிளகாய், உப்பு, தெருமண் எல்லாம் எடுத்துத் தொட்டியைச் சுற்றினாள். சுற்ற இடமில்லாமல் சுவர் தடுத்ததால், என்னைத் தொட்டியைத் தூக்கிக்கொண்டு நடுக்கூடத்தில் நிற்கச் சொன்னாள். நின்றேன். மிளகாயை அடுப்பில் போட்டாள். கண் பட்டிருந்தால் கமறாது என்பார்கள். கமறியது பாருங்கள், நான் இருமிய இருமலில் தொட்டி ஆடி, தண்ணீர்க் கிண்ணம் கவிழ்ந்து, சிரட்டை உருண்டு, பல்லி மூலையில் ஒண்டிக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டது. சரியாக அந்த நேரத்தில் பவதாரிணி உள்ளே வந்தாள். தொட்டியை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு தன் அறைக்குள் போனாள். அரைமணி நேரம் கழித்து வெளியே வந்து சொன்னாள்: "பன்னெண்டு கிராம் இருந்துச்சு மாமா. இப்பப் பத்துதான் இருக்கு. வாலு மெலிஞ்சிருச்சு. அதுக்குக் கொழுப்பெல்லாம் வாலுலதான் இருக்கும். ஞாயித்துக்கெழம வரைக்கும் பாக்குறேன். அதுக்குள்ள திங்கலைன்னா அப்பாவ வரச் சொல்லிட்டேன். நானும் இதும் கொஞ்ச நாள் அங்க இருந்துட்டு வாரோம்." அதற்கு மறுநாள்தான் உங்கள் போன். "எங்க வீட்ல நல்லாத் தின்ன பல்லி" என்று நீங்கள் ஆரம்பித்ததும் எனக்கு ரோஷம் வந்துவிட்டது. ஊரையே சாப்பிட வைத்தவனைப் பார்த்து அப்படிக் கேட்கலாமா?

புதன்கிழமை சூரியபிரகாஷ் எங்கள் மூவரையும் தொட்டியையும் கூட்டிக்கொண்டு கால்நடை டாக்டர் ரோகிணியிடம் போனான். சின்ன வயசுப் பெண், ஆனால் கெட்டிக்காரி. பல்லியைப் பார்ப்பதற்கு முன் எங்களைத்தான் பார்த்தார். "இது சாப்பிடுறப்ப கிட்ட யாரு இருப்பீங்க?" என்றார். சுவரிலிருந்து பிய்த்துக் கொண்டுபோயிருந்த அட்டவணையை நான் பெருமையாக நீட்டி, ஆறரைக்கு மணியடிப்பதையும் சொன்னேன். படித்துவிட்டு, "சார், உங்கள ஒரு பத்துப் பேரு சுத்தி நின்னு உத்துப் பாத்துக்கிட்டே இருந்தா நீங்க சாப்பிடுவீங்களா?" என்றார். "மறுவீட்டுல அப்படித்தாம்மா சாப்பிட்டேன்" என்றேன். அவர் சிரிக்கவில்லை. "நோய் ஒண்ணும் இல்ல சார். பயம். இன்னும் ரெண்டு வாரத்துக்கு இத யாரும் பாக்கக் கூடாது, தூக்கக் கூடாது, பேசக் கூடாது, மணியடிக்கவே கூடாது. மூணு பக்கம் காகிதம் ஒட்டி மறைச்சிருங்க. முன்னாடி இருந்த எடத்துல எப்படிச் சாப்பிட்டுச்சு?" என்று கேட்டார். பவதாரிணி மெதுவாகச் சொன்னாள்: "எங்க வீட்ல யாரும் ஒண்ணுமே பண்ணல டாக்டர். பூச்சிய விட்டுட்டு அப்பாவும் அம்மாவும் கொடிக்காலுக்குப் போயிருவாங்க." சம்பந்தி, உங்கள் வெற்றியின் ரகசியம் இதுதானா! நான் ஏதோ பெரிய வித்தை என்று நினைத்திருந்தேன்.

டாக்டர் சொன்னதை எழுத்துப் பிசகாமல் செய்தேன். தொட்டியைப் பிள்ளைகளின் அறையிலிருந்து கூடத்து மூலைக்கு மாற்றி, மூன்று பக்கமும் காகிதம் ஒட்டினேன். அட்டவணையைக் கிழித்தேன். மணியைப் பூஜையறையிலேயே துணியால் சுற்றி வைத்தேன். நேற்று சாயங்காலம் நாலு பூச்சியை விட்டுவிட்டு நானும் பாண்டிமீனாவும் தொட்டிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்தோம். சத்தியமாக எட்டிப் பார்க்கவில்லை. காகிதத்தில் பென்சில் முனை அளவுக்கு ஒரு துளை இருக்கிறது என்று சூரியபிரகாஷ் குற்றம் சாட்டுகிறான். அது நான் போட்டதல்ல. நான் போட்டது வேறு.

இன்று காலை பிள்ளைகள் வேலைக்குக் கிளம்பிப் போன பிறகு பார்த்தேன். நாலு பூச்சியில் ஒன்றுகூட மிச்சமில்லை. தொட்டி மூடியின் மேல் ஓரத்தில் கறுப்பாக, நுனியில் வெள்ளைப் பொட்டோடு எச்சம் கிடந்தது. தின்றால்தானே எச்சம் இடும்? பாண்டிமீனா சந்தோஷத்தில் அழுதேவிட்டாள். எனக்கும் கண் கலங்கியது, சொல்வதில் வெட்கமில்லை. ஆகவே காரியம் முடிந்தது. பவதாரிணி இனி எங்கும் போக வேண்டியதில்லை. நீங்களும் மழையில் அலைய வேண்டியதில்லை. கோபத்தில் நான் சொன்ன வார்த்தைகளை மறந்துவிடுங்கள். நீங்கள் சொன்னவற்றை நான் ஏற்கெனவே மறந்துவிட்டேன். மூன்றுதான் ஞாபகம் இருக்கிறது.

உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கு எங்கள் கும்பிடும், சம்பந்தியம்மாவுக்குப் பாண்டிமீனாவின் அன்பும் சேரட்டும். கொடிக்காலுக்கு நல்ல வெயில் அடிக்கட்டும்.

இப்படிக்கு,
என்றும் மாறாத அன்புள்ள,
பால்பாண்டி

பின்குறிப்பு (வெள்ளிக்கிழமை, இரவு எட்டரை மணி): சம்பந்தி, மேலே எழுதியதில் வணக்கத்தையும் நலம் விசாரிப்பையும் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். மீதி தப்பு. நாலு மணிக்குப் பவதாரிணி வந்ததும் அந்த எச்சத்தைப் பெருமையாகக் காட்டினேன். அவள் குனிந்து பார்த்துவிட்டு, "மாமா, பூந்தி கண்ணாடில ஏறாது. ஒட்டுற காலு இதுக்குக் கெடையாது. மூடி மேல கெடக்குறது நம்ம டியூப்லைட்டுப் பல்லியோடது" என்றாள். நாலு பூச்சியும், நான் சரியாக மூடாத தொட்டியின் இடுக்கு வழியாகத் தப்பி, சமையலறையில் சிலிண்டருக்குப் பின்னால் கத்திக்கொண்டிருந்தன. அவள் என்னைத் திட்டவில்லை. அறைக்குள் போய்த் துணிமணியை எடுத்துப் பையில் வைத்தாள். அதைப் பார்த்துக்கொண்டு நிற்க முடியாமல், வண்டியூர்த் தெப்பக்குளத்துக்குப் பக்கத்தில் ஒரு கல்யாண வரவேற்பு இருந்ததைச் சாக்காக வைத்து நாங்கள் இருவரும் கிளம்பினோம். போன இடத்தில் பாண்டிமீனா இலையில் கை வைக்கவில்லை. மொய்க் கவரைக் கொடுத்துவிட்டு ஏழரைக்கெல்லாம் திரும்பிவிட்டோம்.

கேட்டைத் திறக்கப் போனபோது ஜன்னல் வழியாகக் கூடம் தெரிந்தது. சமையலறை விளக்கு மட்டும் எரிந்தது. சூரியபிரகாஷும் பவதாரிணியும் தரையில் உட்கார்ந்து ஒரே தட்டில் தோசை தின்றுகொண்டிருந்தார்கள். ஏதோ சொல்லிச் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். எங்கள் வீட்டில் அந்தப் பிள்ளை அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. பாண்டிமீனா தோசைக்கரண்டியோடு பக்கத்தில் நின்றால் இரண்டாவது தோசையிலேயே "போதும் அத்தை" என்று கையைக் கழுவிவிடுவாள். இன்று எழுந்து போய்ப் போய் ஊற்றிக்கொண்டு வந்தாள். தோசையை எண்ணக் கூடாதுதான். ஐந்து. அவர்களுக்குப் பின்னால் தொட்டி இருந்தது. காகிதம் ஒட்டாத பக்கம் எங்களைப் பார்த்திருந்தது. இருவரும் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பூந்தி சிரட்டையை விட்டு வெளியே வந்து, வாலை ஆட்டி, பிள்ளைகள் புதிதாக விட்டிருந்த பூச்சியில் ஒன்றைக் கவ்வியது. கொஞ்ச நேரம் கழித்து இன்னொன்றையும் கவ்வியது.

நான் சந்தோஷத்தில் கேட்டைத் தள்ளப் போனேன். பாண்டிமீனா என் கையைப் பிடித்துக்கொண்டாள். "உள்ள போகாதீங்க. போனா ரெண்டும் சாப்புடுறத விட்டுட்டு எந்திரிச்சிரும்" என்றாள். ஒரே குடையைப் பிடித்துக்கொண்டு பூங்கா வரைக்கும் போய்ச் சுற்றிவிட்டு வந்தோம். நனைந்த பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது, "நாமதாங்க பாத்துப் பாத்தே ரெண்டையும் பட்டினி போட்டிருக்கோம்" என்று சொல்லிவிட்டு முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். எனக்கும் வெட்கமாகவும் வேதனையாகவும் இருந்தது. முப்பத்தொரு வருஷத்தில் என் எதிரே உட்கார்ந்து சாப்பிட்ட பையன்கள் எத்தனை பேர் பாதி வயிற்றோடு எழுந்து போனார்களோ, யாருக்குத் தெரியும்?

அதனால் ஞாயிற்றுக்கிழமை அவசியம் காரோடு வாருங்கள். பவதாரிணி வரப்போவதில்லை, சாயங்காலம் எடுத்து வைத்த துணியையெல்லாம் பையிலிருந்து எடுத்து மறுபடி அலமாரியில் வைத்துவிட்டதாகச் சூரியபிரகாஷ் சொன்னான். காரில் ஏறப்போவது நானும் பாண்டிமீனாவும். உங்கள் பக்கத்தில் ஒரு வைத்தியர் முட்டுவலிக்கு நல்ல எண்ணெய் தருகிறார், அதற்காகப் போகிறோம் என்று பிள்ளைகளிடம் சொல்லியிருக்கிறோம். நீங்களும் அதையே சொல்லுங்கள். அப்படி ஒரு வைத்தியர் இல்லாவிட்டால் ஞாயிற்றுக்கிழமைக்குள் ஒருவரைத் தேடி வையுங்கள். எத்தனை நாள் தங்குவோம் என்று மட்டும் கேட்காதீர்கள். இங்கே பிள்ளையும் பல்லியும் கொஞ்சம் சதை போட்டதும் நாங்களே பஸ் ஏறிவிடுவோம்.